எடையற்ற வெளியில் உயிரணுக்கள்: அறிவியல் செய்தியும் தமிழ்ச் சொல்லும்



மொழியியலைத் தொழிலாகக் கொண்டு வாழ்நாளைக் கழித்த ஒருவர் உயிரணுக்களைப் பற்றி உரையாற்ற வந்திருப்பது உங்களுள் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நாம் உயிரியலார் அல்லோம்; மருத்துவரும் அல்லோம். இப்பொருளுக்குள் நம்மை இழுத்து வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. அதிலிருந்தே தொடங்குவோம்.

நம்மிடம் பயின்று, இன்று தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றும் ஒருவர் ஒருநாள் மாலை அழைத்தார். அவருடைய தாயார் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெற்று வந்தார். உறவினர் ஒருவர் வாட்ஸ்அப் வழியாக ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். ஈர்ப்பு விசை இல்லாத இடத்தில் புற்றுநோய் அணுக்கள் ஒரே நாளில் செத்துவிடும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டனர் என்பது செய்தி. அதைப் படித்த தாயார், அந்த இயந்திரம் நம் நாட்டிற்கு வரும்வரை பொறுத்திருக்கலாமே என்று அடுத்த முறை சிகிச்சைக்குச் செல்ல மறுத்துவிட்டார். “ஐயா, இதில் எது மெய், எது பொய்? அம்மாவுக்குத் தமிழில் எப்படி எடுத்துச் சொல்வது?” என்று அவர் கேட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை. சில வாரங்கள் படித்த பிறகே விடை கூற முடிந்தது. இன்றைய உரை அவ்விடையின் விரிவு.

முதலில் ‘ஈர்ப்பு விசை இல்லாத இடம்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் நமக்கும் ஒரு பழி உண்டு. பல்லாண்டுகளுக்கு முன்னர் ஒரு கலைச்சொற் குழுவில் நாம் அங்கம் வகித்தோம். விண்வெளி வீரர் மிதக்கும் நிலைக்கு ‘ஈர்ப்பின்மை’ என்னும் சொல் முன்மொழியப்பட்டபோது, ஓசை நன்றாயிருக்கிறது, தூய தமிழாயிருக்கிறது என்று நாமும் தலையசைத்தோம். அக்குழுவில் இருந்த இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தயங்கினார். நாம் அத்தயக்கத்திற்குச் செவிகொடுக்கவில்லை. அவர் தயங்கியதே சரி.

அனைத்துலக விண்வெளி நிலையம் நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் செல்லும் சாலைத் தொலைவைவிட இது சற்றே மிகுதி, அவ்வளவே. அவ்வுயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. ஈர்ப்பு இல்லையெனில் நிலையம் பூமியைச் சுற்றவே சுற்றாது. நேர்கோட்டில் எங்கோ போய்விடும். பிறகு ஏன் மிதக்கின்றனர்? அவர்கள் விழுந்துகொண்டிருக்கின்றனர். நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பக்கவாட்டில் செல்வதால், விழ விழப் பூமியின் வளைவும் விலகிக்கொண்டே போகிறது; விழுதல் முடிவதேயில்லை.

துரியான் மரத்தை எண்ணிப் பாருங்கள். இருபது மீட்டர் உயரக் கிளையிலிருந்து ஒரு பழம் விழுகிறது. தரையைத் தொட ஏறத்தாழ இரண்டு நொடி ஆகும். பழத்திற்குள் ஒரு புழு இருக்கிறது. அவ்விரண்டு நொடியும் பழமும் புழுவும் ஒரே விரைவில் விழுவதால், புழு பழத்தின் சுளைமீது அழுந்துவதில்லை. அதற்கு எடை தெரியாது. ஈர்ப்பு இருக்கிறது, எடை உணரப்படவில்லை. விண்வெளி நிலையம் என்பது தரையைத் தொடாத துரியான். ஆகவே ‘ஈர்ப்பின்மை’ பிழை, ‘எடையின்மை’ பொருந்தும்.

ஆய்வாளர்கள் இந்நிலைக்கு வழங்கும் நுட்பமான பெயரைத் தமிழில் ‘நுண்ணீர்ப்பு’ என்று சிலர் எழுதுகின்றனர். இலக்கணப்படி குறையில்லாத சொல். தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டும் என்னும் நன்னூல் விதி அறிந்தவர் ‘நுண் + ஈர்ப்பு’ என்று பிரிப்பர். ஆனால் ‘தண் + நீர்’ தண்ணீர் ஆவதையும் மாணவர் அறிவர். ஒரு பயிற்சிப் பட்டறையில் இச்சொல்லை எழுதிக் காட்டி என்ன பொருள் என்று கேட்டபோது, பாதிப் பேர் நீரோடு தொடர்புடைய ஏதோ ஒன்று என்றனர். ஒருவர் பனித்துளி என்றார். புணர்ச்சி சரியாக இருந்தும் சொல் தோற்றது. ‘நுண் ஈர்ப்பு’ என்று பிரித்தெழுதுவதே நல்லது என்பது நம் கருத்து. இலக்கணம் பயின்ற நாமே இதைச் சொல்வதால் யாரும் சினவாதிருக்க வேண்டுகிறோம்.

இனி உயிரணுவுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் இது ‘செல்’, இலங்கைப் பாடநூலில் ‘கலம்’, நமக்கு ‘உயிரணு’. மூன்றும் வாழட்டும். உயிரணு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு அளவே உள்ள பொருள். இவ்வளவு சிறிய ஒன்றுக்கு எடை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தோன்றலாம். ஆய்வாளர்களிடையேயும் இவ்வினா உண்டு. உயிரணு எடையின்மையைத் தானே உணர்கிறதா, தன்னைச் சூழ்ந்த நீர்மத்தில் நேரும் மாற்றத்தை உணர்கிறதா என்பது இன்றும் வாதத்திற்குரியது.

ஆய்வகத் தட்டில் வளர்க்கப்படும் உயிரணுக்கள் ஊட்ட நீர்மத்தில் மெல்ல அமிழ்ந்து அடித்தளத்தில் படிகின்றன. அங்கே ஒட்டிக்கொண்டு, தட்டையாக விரிந்து, ஒரே அடுக்காகப் பரவுகின்றன. வாணலியில் ஊற்றிய மாவு பரவுவதுபோல என்க. உயிரணுவுக்குள் ஆக்டின் முதலிய புரத இழைகளால் ஆன ஒரு சட்டகம் உண்டு. தளத்தைப் பற்றிக்கொள்ளும் இடங்களில் இவ்விழைகள் இழுபட்டு விறைக்கின்றன. அவ்விறைப்பு உட்கரு வரை செய்தியாகச் செல்கிறது. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதில் அதற்கும் பங்கு உண்டு. எடையற்ற நிலையில் உயிரணு அமிழ்வதில்லை. சூடான நீர்மம் மேலெழுந்து குளிர்ந்தது கீழிறங்கும் ஓட்டமும் இல்லை. பற்றுதற்குத் தளம் கிட்டாத உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றி உருண்டைகளாகத் திரள்கின்றன.

இங்கேதான் ‘புற்று’ என்னும் நம் சொல் சுவையூட்டுகிறது. மேலைநாட்டார் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். கிரேக்க மருத்துவர் இப்போக்ரட்டீசு காலத்து வழக்கு அது. தமிழர் கறையான் புற்றின் பெயரை இட்டனர். புற்று தட்டையாகப் பரவுவதன்று. மேலெழுந்து, உள்ளே அறைகளும் வழிகளும் கொண்டு திரள்வது. உடலில் வளரும் கட்டியும் அத்தகையதே: நடுவே உயிர்வளி குறைந்த பகுதி, விளிம்பில் விரைந்து பெருகும் பகுதி என்று அதற்கு உள்ளும் புறமும் உண்டு. தட்டில் ஒரே அடுக்காகப் பரவிய உயிரணுக்களிடம் இந்த உள்ளும் புறமும் இல்லை. தட்டில் நன்றாக வேலைசெய்த மருந்து உடலில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எடையற்ற நிலை உயிரணுக்களை மீண்டும் ‘புற்று’ வடிவத்திற்குக் கொண்டுவருகிறது. நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்தே பெயரிட்டனர் என்று சொல்ல வரவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சு இம்மேடையில் போதிய அளவு நிகழ்ந்துவிட்டது. சொல் பொருந்துகிறது, கற்பிக்க உதவுகிறது, அவ்வளவே.

தைராய்டுப் புற்றுநோய் உயிரணுக்களில் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டேனியலா கிரிம் என்னும் ஜெர்மானிய அறிஞர். 2011 நவம்பரில் சீனாவின் சென்சோ-8 விண்கலத்தில், ஜெர்மனியும் சீனாவும் இணைந்து நடத்திய ஆய்வுகளில் அவர் குழுவின் உயிரணுக்களும் பயணம் செய்தன. தாங்குசட்டம் ஏதுமின்றி அவை முப்பரிமாண உருண்டைகளாகத் திரண்டன. அக்குழுவினர் தரையிலுள்ள சுழற்கருவிகளில் மீளமீளக் கண்ட மற்றொன்று நமக்கு இன்னும் வியப்பளித்தது. ஒரே கலனில், ஒரே வகை உயிரணுக்கள் இரண்டாகப் பிரிந்தன: ஒரு பகுதி தட்டை விட்டு நீங்கி உருண்டையானது, மறுபகுதி பழையபடி ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியரிடம் காணும் வேறுபாடு போலும். ஏன் சில நீங்கின, சில நின்றன என்பது ஆராய்ச்சிக்குரியதாகவே உள்ளது.

நம் நாட்டிற்கும் இவ்வாராய்ச்சியில் ஓர் இடம் உண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். 2007 அக்டோபர் 10ஆம் நாள் பைக்கனூரிலிருந்து புறப்பட்ட சோயூசு விண்கலத்தில் டாக்டர் ஷேக் முசாபர் ஷுக்கோர் சென்றார். 21ஆம் நாள் திரும்பினார். எலும்பு மருத்துவரான அவர் விண்வெளி நிலையத்தில் மேற்கொண்ட ஆய்வுகளில் கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்களையும் இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களையும் பற்றியவை இருந்தன. அன்று நாளேடுகள் அவர் விண்வெளியில் நோன்பும் பெருநாளும் எவ்வாறு கழிப்பார் என்று பக்கம் பக்கமாக எழுதின; உயிரணுக்களைப் பற்றி எழுதியது குறைவு. ‘அங்காசாவான்’ என்னும் மலாய்ச் சொல் அப்போதுதான் வீடுதோறும் புகுந்தது. அதன் முற்பகுதியான ‘அங்காசா’வும் நம் ‘ஆகாயமும்’ ஒரே வடமொழிச் சொல்லின் வழிவந்தவை. தேசிய மொழி அச்சொல்லைத் துணிந்து ஆக்கி, நாடு முழுதும் புழங்கவிட்டது. நாமோ ‘விண்வெளி வீரர்’ என்பதோடு நின்றுவிட்டோம்.

புற்றுநோய்ச் செய்தியின் சிக்கலுக்குத் திரும்புவோம். விண்வெளிக்கு ஒரு கலனை அனுப்புவது பெருஞ்செலவு, வாய்ப்பும் அரிது. எனவே தரையிலேயே அந்நிலையை ஒருவாறு உண்டாக்கும் கருவிகள் உள்ளன. 1980களில் அமெரிக்க நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் உருவான சுழல்கலன் அவற்றுள் ஒன்று. நீர்மம் நிரம்பிய உருளை மெல்லச் சுழல்கிறது; உள்ளே உயிரணுக்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன, அடியைத் தொடுவதில்லை. மற்றொரு கருவி இரண்டு அச்சுகளில் ஒழுங்கின்றிச் சுழன்று, ஈர்ப்பின் திசையை நொடிக்கு நொடி மாற்றுகிறது; எத்திசை கீழ் என்று உயிரணுவுக்குப் புலப்படாமற் செய்கிறது. இவற்றுள் எதுவும் ஈர்ப்பை நீக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையாளர்கள் இதனால்தான் ஓர் அடைமொழியைத் தவறாமற் சேர்க்கின்றனர்: மெய்யான எடையின்மையன்று, ஒப்புக்கு உண்டாக்கிய எடையின்மை.

2019இல் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருப்பை முட்டையகம், மார்பகம், மூக்கு, நுரையீரல் ஆகிய நான்கு உறுப்புகளின் புற்றுநோய் உயிரணுக்களை இத்தகைய கருவியில் இட்டு, 24 மணிநேரத்தில் 80 முதல் 90 விழுக்காட்டு உயிரணுக்கள் செயலிழந்தன என்று அறிவித்தனர். செய்தி உலகெங்கும் பரவியது. பரவும்போது என்ன நேர்ந்தது என்று மொழியியலார் கண்கொண்டு பார்த்தோம். முதலில் அடைமொழி உதிர்ந்தது. ‘ஒப்புக்கு உண்டாக்கிய’ போனதும் சுழற்கருவி விண்வெளியாயிற்று. அடுத்து ‘உயிரணு’ உதிர்ந்து ‘புற்றுநோய்’ மட்டும் எஞ்சியது. தட்டில் இருந்த உயிரணு செயலிழந்தது என்பது, நோயாளியின் நோய் செத்தது என்றாயிற்று. ‘செயலிழந்தன என்று அறிவித்தனர்’ என்பது ‘கண்டுபிடித்துவிட்டனர்’ என்று முடிந்தது. ‘விடு’ என்னும் துணைவினை ஐயத்திற்கு இடமில்லாத முடிவைக் குறிப்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பெயரடைகளும் ஒரு துணைவினையும் சேர்ந்து ஓர் அம்மையாரை மருத்துவமனைக்குச் செல்லாமல் நிறுத்தின.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கேத்ரியோனா ஜேமிசன் தலைமையிலான குழுவினர், 2023 மே மாதம் ஆக்சியம்-2 பயணத்தில் புற்றுக்கட்டியின் சிற்றுருக்களை விண்வெளி நிலையத்திற்கு அனுப்பினர். அங்கே அவை சாகவில்லை, விரைந்து வளர்ந்தன. புற்றுநோய்க்குத் துணைபோகும் அடார்1 என்னும் மரபணு அங்கே கிளர்ச்சியுற்றதைக் கண்டு, அதைத் தடுக்கும் மருந்துகளையும் ஆராய்ந்தனர். அவர்கள் நாடுவது விண்வெளி மருத்துவமனையை அன்று. தரையில் நெடுங்காலம் எடுக்கும் மாற்றத்தை அங்கே சில நாளில் காண முடிவதால், மருந்தைச் சோதிக்கும் களமாக அதைப் பயன்படுத்துகின்றனர். ஒரு குழு செத்தன என்கிறது. மற்றொன்று பெருகின என்கிறது. இரண்டும் பொய்யல்ல. கருவி வேறு, உயிரணு வேறு, காலம் வேறு. விண்வெளியில் எடையின்மையோடு கதிர்வீச்சும் சேர்ந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்தறிய, நிலையத்திற்குள்ளேயே ஒரு சுழலியில் வைத்து எடையைத் திரும்ப ஊட்டிய உயிரணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

அடுத்தது, எந்த உறுப்பின் உயிரணுவாகவும் மாறவல்ல இளநிலை உயிரணு. இதனை நாளேடுகள் சில ‘தண்டு செல்’ என்கின்றன. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததன் விளைவு. அந்த ஆங்கிலச் சொல்லும் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. 1868இல் எர்ன்ஸ்ட் ஹேக்கல் உயிர்களின் கொடிவழி மரத்தை வரைந்து, எல்லா உயிர்க்கும் மூலமான ஓருயிரணு உயிரியை அவ்வாறு அழைத்தார். அங்கே கருதப்பட்டது குலமரத்தின் அடிமரம், செடியின் தண்டன்று. தண்டு என்றதும் வாழைத்தண்டை நினைக்கும் மாணவனுக்கு இதிலிருந்து என்ன விளங்கும்?

தமிழில் இன்னொரு பெயர் இருக்கிறது: ‘குருத்தணு’. யார் ஆக்கினாரோ, வாழ்க அவர். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்க்குக் குருத்து என்றால் என்ன என்று கூற வேண்டியதில்லை. தென்னைக்கும் செம்பனைக்கும் வளர்முனை ஒன்றே. அம்முனையின் உள்ளிருந்தே ஓலையும் பாளையும் பிறக்கின்றன. காண்டாமிருக வண்டு அதைத் துளைத்து வளர்முனை அழிந்தால் மரமே பட்டுப்போகும். இன்னதென்று இன்னும் முடிவாகாத, ஆனால் எல்லாவற்றையும் உள்ளடக்கிய இளமை, குருத்து அதுதான். ‘அணு’ என்பது இயற்பியலிலும் வருவதால், ‘குருத்துயிரணு’ என்று நாம் சற்றே நீட்டிக்கொள்கிறோம்.

2006இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆடம் எங்க்லர், டென்னிஸ் டிஷர் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. எலும்பு மச்சையிலிருந்து எடுத்த குருத்துயிரணுக்களை மென்மையில் வேறுபட்ட தளங்களில் வைத்தனர். மூளைபோல் மெத்தென்ற தளத்தில் அவை நரம்பணுவின் சாயல் கொண்டன. தசைபோன்ற தளத்தில் தசையை நோக்கின. விறைப்பான தளத்தில் எலும்பை நோக்கின. மருந்து ஏதும் ஊட்டவில்லை. தொட்ட இடத்தின் தன்மையே வழி காட்டியது. இழுவிசை ஒரு குருத்தின் எதிர்காலத்தை முடிவுசெய்யுமெனில், எடையற்ற நிலை அதை மாற்றத்தானே வேண்டும்? அவ்வாறே நிகழ்ந்தது. தரையிலுள்ள சுழல்கலன்களில் அதே வகைக் குருத்துயிரணுக்கள் எலும்பணுவாக மாறுவது குறைந்தது. கொழுப்பணுவாக மாறுவது கூடியது. விண்வெளியில் வாழ்வோர் இடுப்பு எலும்பின் செறிவில் திங்கள்தோறும் ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு வரை இழக்கின்றனர். நாள்தோறும் இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி செய்வது இதனாலேதான்.

கருநிலைக் குருத்துயிரணுக்களின் கதை வேறு. 2010 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் 15 நாள் பயணம் செய்த எலியின் கருக் குருத்துயிரணுக்கள், வழக்கம்போல் பல்வேறு உயிரணுக்களாக முதிராமல் குருத்தாகவே நின்றன. தரைக்கு வந்தபின் துடிக்கும் இதயத் தசையணுத் திரள்களாக எளிதில் மாறின. 2017இல் மேயோ மருத்துவமனையின் அப்பா சுபைர் அனுப்பிய மனிதக் குருத்துயிரணுக்கள் இரு வாரம் வரை அங்கே தம் இயல்பு மாறாமல் வளர்ந்தன. இவற்றைப் படித்தவர் விண்வெளி இளமையைக் காக்கிறது என்று எழுதினர். ஆனால் 2025இல் ஜேமிசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 32 முதல் 45 நாள் வரை விண்வெளியில் இருந்த மனித இரத்தக் குருத்துயிரணுக்கள் ஓய்வின்றி இயங்கித் தம் இருப்பைச் செலவிட்டு, விரைவாக மூப்படைந்தன. இளமையா, மூப்பா? எந்தக் குருத்து, எத்தனை நாள் என்று கேட்காமல் இதற்கு விடை கூற இயலாது. ‘குருத்துயிரணு’ என்னும் ஒருமைப் பெயரின் கீழ்ப் பலவற்றை அடக்கிவிட்டு ஒற்றை விடையை எதிர்பார்ப்பது நம் பிழை.

நம் மாணவராகிய அவ்வாசிரியர்க்கு இவையனைத்தையும் சொல்லவில்லை. துரியானையும் புழுவையும், சுழல்கலனையும் தட்டையும் மட்டுமே சொன்னோம். அவர் தம் தாயாரிடம் சமையலறையில் உட்கார்ந்து, ஒரு போத்தலில் நீரும் சவ்வரிசியும் இட்டு உருட்டிக் காட்டினாராம். அம்மையார் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்ப செத்தது சுத்துற டப்பாவுல இருந்ததுதானா? என் ஒடம்புல இருக்கறது இல்லையா?” என்று கேட்டாராம். தவறவிட்ட சிகிச்சைக்கு அடுத்த வாரம் சென்றுவிட்டார். அவர் கேட்ட அந்த இரண்டு வினாக்களில் உதிர்ந்துபோன இரண்டு அடைமொழிகளும் திரும்ப வந்துவிட்டதை நாம் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டோம்.

2003 முதல் சில ஆண்டுகள் நம் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் பயின்றவர்கள் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கின்றனர். அறிவியலை ஆங்கிலத்தில் கற்று, நோய்ச் செய்தியைத் தமிழில் பெறும் தலைமுறை அது. வாட்ஸ்அப்பில் தமிழ்ச் செய்தி எழுதுவோர் கலைச்சொற் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதில்லை. இதை மனத்திற்கொண்டு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். ‘ஒப்புக்கு உண்டாக்கிய எடையின்மை’ என்பது நீளம். யாரும் சொல்ல மாட்டார்கள். ‘போலி எடையின்மை’ என்றால் ஏமாற்று என்னும் பொருள் வந்துவிடுகிறது. ‘உருவக’ என்று தொடங்கினால் அணியிலக்கணம் குறுக்கிடுகிறது. ‘போன்மை எடையின்மை’ என்று நாம் எழுதிப் பார்த்தோம்; நமக்கே நிறைவில்லை. பத்து வயது மாணவன் வாயில் நிற்கும் ஒரு சொல் வேண்டும். இக்கூட்டம் முடிந்ததும் தேநீர் வேளை இருக்கிறது. உங்களுக்குத் தோன்றுவதைத் தயங்காமல் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். மாணவர்கள் எழுதித் தந்தால் இன்னும் நன்று.